கையைக் கடிக்காமல் தொடக்கப் பள்ளி வகுப்பை நடத்துவது: ஒரு கேள்வியும் நீண்டுபோன பதில்களும்

கேள்வி, 20 ஜூன் 2023

இதுவரை நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மட்டும் எடுத்துப் பழகியவன். இந்த வருடம் மாறுதலில் ஈராசிரியர் பள்ளிக்கு வந்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் எல்லாம் ஒரே அறையில், 23 பிள்ளைகள். சார்ட், ஸ்கெட்ச், தெர்மகோல் என்று முதல் வாரமே 1,400 ரூபாய் போய்விட்டது. யூடியூபில் பார்த்தால் ஐஸ்கிரீம் குச்சியை வைத்துச் செய்யுங்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் குச்சியையே ஃபேன்சி ஸ்டோரில் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். உண்மையிலேயே காசு ஆகாத வழி இருக்கிறதா?

20 ஜூன் 2023, இரவு

இருக்கிறது சார். முதலில் சார்ட் வாங்குவதை நிறுத்துங்கள். நாம் ஒட்டும் சார்ட்டில் பாதி பிள்ளைகளுக்காக ஒட்டுவதில்லை, பார்வைக்கு வருகிறவர்களுக்காக ஒட்டுவது, அதனால்தான் அது ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அண்ணாந்து பார்த்தாலும் அதில் மாம்பழம் எது, மத்தளம் எது என்று தெரியாது. 2007இல் செயல்வழிக் கற்றல் (ஏணிப்படி மாதிரி வரிசை போட்டு, அட்டை அட்டையாகப் பிள்ளைகளே படித்து ஏறும் முறை) மாநிலம் முழுக்க வந்தபோது சுவரின் அடிப்பாகத்தில் சுற்றிலும் கரும்பலகைப் பட்டை அடித்தார்கள், ஞாபகம் இருக்கும். உங்கள் அறையிலும் பெயின்டுக்கு அடியில் அது இருக்கலாம். அட்டைகளும் ஏணியும் போய்விட்டன, ஒரு அட்டை தொலைந்தால் பிள்ளை ஏணியின் பாதியில் நிற்கும் என்பது அந்த முறையில் எனக்கிருந்த தீராத எரிச்சல். ஆனால் அந்தப் பட்டையைப் போல உபயோகமான ஒன்றை அதற்குப் பிறகு யாரும் எனக்குத் தரவில்லை. ஆளுக்கு இரண்டடி இடம், பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஈர்க்குச்சி. தேய்ந்துபோன தென்னந்துடைப்பம் நான்கு வீட்டில் கேட்டால் கிடைக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாகக் கட்டினால் ஒன்று, பத்து, நூறு எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், வெயிலுக்கு ஒரே மாதத்தில் இற்றுப்போய் ஒட்டிக்கொள்ளும். பஞ்சர் கடையில் தூக்கிப் போட்ட சைக்கிள் டியூபைக் குறுக்கே அரை அங்குலத்துக்கு வெட்டினால் வளையம் வளையமாக வரும். இரண்டு சுற்றுச் சுற்றினால் பத்துக் குச்சிக்குச் சரி. பத்துக் கட்டை ஒன்றாகச் சேர்த்து நூறாக்கும்போது ஒரே சுற்று, இழுத்து மாட்ட வேண்டும். என்னிடம் இருக்கும் வளையங்களுக்கு ஆறு வயது.

செலவு: சுழியம்.

22 ஜூன் 2023

முட்டை அட்டையை மறந்துவிட்டேன். சத்துணவுக் கூடத்துக்கு வருகிற அந்தச் சாம்பல் நிற அட்டை ஒன்றில் 30 குழி, ஐந்துக்கு ஆறு. இரண்டு வரிசைக்கு ஒரு வெட்டு என்று வெட்டினால் பத்துக்குழி அட்டை மூன்று. ஒரு குழிக்கு ஒரு பாட்டில் மூடி என்று போட்டு வரும்போது ஏழு போட்டால் மூன்று குழி காலி என்று பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும், கூட்டலும் கழித்தலும் ஒரே இடத்தில். மிச்சம் வைத்துக் கொடுக்கச் சொல்லி சமையலம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு டீச்சர், கோழி வளர்க்கப் போறீங்களா?" என்றார்.

1 ஜூலை 2023

கரும்பலகை வெளுத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்த அம்மாவுக்கு: கோவைக்கொடி இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துப் பூசுங்கள், நம் சிலேட்டுக் காலத்து வைத்தியம்தான். பழைய பேட்டரிக் கட்டையை உடைத்து உள்ளே இருக்கும் கருப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1 ஜூலை 2023, அரை மணி நேரம் கழித்து

பேட்டரி வேண்டாம். மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், என்னைப் போல இன்னும் நாலு பேர் அதைச் செய்துகொண்டிருப்பார்கள் என்பதால். அந்தக் கருப்பில் மாங்கனீசு இருக்கிறது, பிள்ளைகள் கையால் அழித்து அதே கையை வாயில் வைப்பார்கள். நாங்கள் சின்ன வயதில் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சிலர் கோவைக்குப் பதில் ஊமத்தை இலையை அரைப்பார்கள், அதுவும் விஷம். கோவையும் கரியும் போதும்.

19 ஜூலை 2023

இன்றைக்கு எனக்கே வேண்டும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன், பல்லாங்குழி ஆடவும் அதேதான். ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டான். அழவில்லை, சத்தம் போடவில்லை, "டீச்சர், என்னுது ஒன்பதுதான் இருக்கு" என்று வந்து சொன்னான். பத்தாவது எங்கே என்று நான் பெஞ்சுக்கு அடியில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன், அவன் மூக்கால் உஸ் உஸ் என்கிறான். எச்.எம். (தலைமையாசிரியர்) தன் வண்டியில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டு வந்தார். நானே நோண்டியிருந்தால் உள்ளே தள்ளியிருப்பேன் என்று டாக்டர் சொன்னாராம்.

ஒன்றாம் வகுப்புக்கு இனி தண்ணீர் பாட்டில் மூடிதான். சோடா மூடி வேண்டாம், ஓரம் கிழிக்கும். கொட்டை, விதை எல்லாம் மூன்றாம் வகுப்புக்கு மேல்.

20 ஜூலை 2023

சிவப்பும் கருப்புமாக அழகாக இருக்கும் விதையைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது குன்றிமணி. வேண்டவே வேண்டாம். ஓடு கெட்டி என்பதால் முழுதாக விழுங்கினால் தப்பிக்கலாம், கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் வேலைக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் எடை போட்டுக் காட்ட நான் வைத்திருந்தது குன்றிமணிதான். பொன் நிறுக்கக் குன்றிமணி என்று கதை வேறு சொல்லியிருக்கிறேன். முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு, ஆனால் சின்னப் பிள்ளைகள் கையில் அதுவும் எதற்கு? ஆமணக்கும் இதே கணக்கு. இயற்கைப் பொருள் என்றால் நல்லது என்று ஒரு நினைப்பு நமக்கு.

9 ஆகஸ்ட் 2023

எழுத்தட்டை பற்றி. என் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் முன்னால் 247 எழுத்துக்கும் அட்டை செய்தேன், வெட்டி, எழுதி, லேமினேட் செய்து, ஓரம் வளைத்து, மூன்று வாரம் இரவு பதினொன்று வரை. மகள் கூட உட்கார்ந்து வெட்டினாள். என்ன ஆயிற்று? முதல் மாதமே 'ம', 'அ', 'கா' எல்லாம் பிசுபிசுத்துக் கிழிந்துவிட்டன. 'ங' வரிசை இன்றைக்கும் கடையில் இருந்து வந்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஙூ என்கிற எழுத்தை இந்த நான்கு வருடத்தில் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

இப்போது செய்வது: கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 18 உயிர்மெய் அகரம் மட்டும், கொட்டை எழுத்தில். சட்டைப் பெட்டியின் மேல் இருக்கும் கண்ணாடித் தாளை வெட்டி அதில் துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, புள்ளி என்று பர்மனென்ட் மார்க்கரால் எழுதிக்கொண்டேன். பிள்ளை 'க' மேல் புள்ளித் தாளை வைத்தால் க், காலைப் பக்கத்தில் வைத்தால் கா. அவ்வளவுதான். பிள்ளைகளே வெட்டினார்கள், ஓரம் கோணல்தான்.

பத்திரிகையின் முன்பக்கமும் வீண் இல்லை. "நிகழும் மங்களகரமான" என்பதில் இருந்து "தங்கள் நல்வரவை விரும்பும்" வரை மூன்றாம் வகுப்பு வாசிக்கிறது. ஊர்க் கல்யாணமாக இருந்தால் பெயர் எல்லாம் தெரிந்த பெயர். "மிஸ், எங்க மாமா பேரு இல்ல" என்று ஒரு குடும்பச் சண்டையே வகுப்புக்குள் வந்தது.

11 ஆகஸ்ட் 2023

சரி, ஒத்துக்கொள்கிறேன். கு, சு, து எப்படி வைப்பீர்கள் என்று கேட்டவர் கேட்டது நியாயம். உகர, ஊகார வரிசையில் எழுத்தின் உருவமே மாறிவிடும், அதற்குத் தாள் ஒட்டாது. அந்த 36க்கும் தனி அட்டைதான் போட்டேன், மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். டி, டீ இரண்டுக்கும் தனி. கி, சி போன்றவற்றில் தாளைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பொருத்த வேண்டும், சிரிக்காமல் செய்தால் நடக்கும்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றியது. 1978 எழுத்துச் சீர்திருத்தம் வராமல் இருந்திருந்தால் இந்தத் தாள் வித்தையே பாதி படுத்துவிடும். ணா, றா, னா மூன்றுக்கும் அப்போது காலைத் தனியாகப் போட மாட்டார்கள், எழுத்தோடு சுழித்துவிடுவார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. என் வகுப்பில் தாத்தாவிடம் வீட்டுப்பாடம் எழுதும் ஒரு பெண் 'மலை'யைத் துதிக்கையோடு எழுதிக்கொண்டு வருவாள். தப்பு என்று போட மனம் வரவில்லை. "தாத்தா எழுத்து" என்று ஓரத்தில் எழுதி சரி போட்டேன். அடுத்த வாரம் நான்கு பேர் துதிக்கை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

3 செப்டம்பர் 2023

காலை உணவுத் திட்டம் ஆகஸ்ட் 25இல் இருந்து எங்களுக்கும் வந்துவிட்டது. எத்தனை பேர் என்று காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு ஒரு தடவை, முட்டைக்கு ஒரு தடவை என்று சமையல் பக்கத்தில் இருந்து எண்ணிக்கை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டேன். ஆளுக்கு ஒரு பாட்டில் மூடி, மேலே பெயர். வந்ததும் வாசலில் இருக்கும் முட்டை அட்டைக் குழியில் மூடியைப் போட வேண்டும். மொத்தம் 41 பேர். காலியாக எத்தனை குழி, வந்தவர் எத்தனை என்று அன்றைய தலைவர் சொல்லிவிட்டுப் போய் சமையலம்மாவிடம் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒருவன் 38க்குப் பதில் 83 என்று சொல்லிவிட்டான். சமையலம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். இடமதிப்பை எத்தனை ஈர்க்குச்சி வைத்துச் சொன்னாலும் அந்தக் கரண்டி சொன்ன மாதிரி வராது.

வகுப்பை அமைதிப்படுத்துவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: இரண்டு கொட்டாங்குச்சி. தட்டுவது நான் இல்லை, அன்றைக்கு அதிகமாகப் பேசுகிற பிள்ளை.

14 அக்டோபர் 2023

கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார், அரசாங்கம் கொடுக்க வேண்டியதை எல்லாம் நாம் குப்பையில் பொறுக்கிச் செய்து காட்டினால் அப்புறம் எவன் கொடுப்பான் என்று. முதலில் எனக்குச் சுருக்கென்றது, பதிலுக்கு ஒரு கிண்டல் எழுதி அழித்தேன்.

இரண்டு நாள் யோசித்தபின் எழுதுகிறேன். ஜூனில் "செலவு: சுழியம்" என்று ஜம்பமாக எழுதினேன் அல்லவா, வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அலமாரியில் இருந்து ஸ்டேஷனரி கடைச் சீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். மார்க்கர், ஃபெவிகால், நல்ல கத்தரிக்கோல் ஆறு, லேமினேஷன், பஞ்சர் கடைக்குப் போய்வந்த பெட்ரோல். ஒரு வருடத்துக்கு 3,200 ரூபாய் சொச்சம். அதில் பாதி அந்த 247 அட்டை மாதிரியான என் ஆசைக்கு. ஆகவே சுழியம் இல்லை. அந்த இரவுகளுக்குக் கணக்கே போடவில்லை, மகள் வெட்டியதையும் சேர்த்து.

பள்ளி மானியம் இருக்கிறதே என்பார்கள். முப்பதைத் தாண்டி நூறு பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் என்பது வரம்பு, அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கே போக வேண்டும். மீதியில் பதிவேடு, சாக்பீஸ், பல்பு, முதலுதவிப் பெட்டி, குழாய் ரிப்பேர். ஜூலையில் சேர வேண்டிய காசு எப்போது வரும் என்று பார்த்துப் பார்த்து எச்.எம். தன் காசைப் போடுவார்.

கோபமாக எழுதியவர் சொன்னதில் எனக்குச் சம்மதமான பகுதி: குடிநீர், கழிப்பறை, விளக்கு, ஃபேன், மூன்று வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை, இதற்கெல்லாம் பாட்டில் மூடியில் பதில் கிடையாது, "செலவில்லாப் பள்ளி" என்று கைதட்டுகிறவர்களிடம் நான் இனி ஈர்க்குச்சியைக் காட்ட மாட்டேன். சம்மதம் இல்லாத பகுதி: நாளைக்கே ஐந்து லட்சத்துக்கு கணிதப் பெட்டி வந்து இறங்கினாலும் ஈர்க்குச்சியை விட மாட்டேன். பெட்டி வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டுவோம், தொலைந்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். ஈர்க்குச்சி தொலைந்தால் பிள்ளையே மறுநாள் நான்கு கொண்டுவரும்.

6 ஜனவரி 2024

கொஞ்ச நாள் வரவில்லை, அரையாண்டுத் தேர்வு, அப்புறம் ஒரே இருமல்.

புது வருடம் பிறந்ததும் ஞாபகம் வந்தது, தினசரி காலண்டர். போன வருடம் டீக்கடைக்காரரிடம் கிழிக்கும் தாளை எறியாமல் பில் குத்தும் கம்பியில் குத்தி வைக்கச் சொல்லியிருந்தேன். பாவம், 365 நாளும் செய்திருக்கிறார், சிலதில் வடை எண்ணெய். எண் பெரிதாக, சிவப்பும் கருப்புமாக இருக்கும், நாம் எழுதினால் அவ்வளவு அழகாக வராது. வரிசைப்படுத்து, ஒற்றை இரட்டை பிரி, கூட்டினால் முப்பது வரும் இரண்டு தாளை எடு, எது வேண்டுமானாலும் செய்யலாம்.

நான் நினைக்காத ஒன்று நடந்தது. ஒரே எண்ணை எல்லாம் ஒரு குவியலாக வைக்கச் சொன்னேன். எல்லாக் குவியலும் 12. 29இல் 11, 30இல் 11, 31இல் ஏழுதான். டீக்கடைக்காரர் தொலைத்துவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் நம்பவில்லை, மதியச் சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிட்டு மாதம் மாதமாகப் பிரித்தாள். பிப்ரவரியில் 28க்குமேல் தாளே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டு, "இந்த மாசத்த யாரு மிஸ் கம்மியா செஞ்சது?" என்றாள். இந்த வருடம் 29 உண்டு என்று சொன்னேன். அப்படியென்றால் அடுத்த வருடம் எண்ணிப் பார்க்கலாம் என்றாள்.

27 ஏப்ரல் 2024

இது சிரிக்க. ஃபிளெக்ஸ் பேனரைப் பற்றி நான் இதுவரை எழுதாததற்குக் காரணம், எல்லோரும் செய்வதுதானே என்று. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் விசேஷம் முடிந்ததும் கேட்டு வாங்கிவிடுவேன். பின்பக்கம் வெள்ளை. தரையில் விரித்து 0 முதல் 20 வரை எண்கோடு போட்டால் பிள்ளைகள் குதித்துக் குதித்தே கூட்டுவார்கள். ஈரம் பட்டால் வழுக்கும், காலைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

வெயிலுக்கு ஒன்றை ஜன்னலில் திரையாகவும் கட்டியிருந்தேன், உள்பக்கம் பெருக்கல் வாய்பாடு. 19ஆம் தேதி தேர்தல், எங்கள் அறைதான் வாக்குச்சாவடி. முந்தின நாள் மாலை வந்த அலுவலர் உள்ளே நுழைந்து, ஜன்னலைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். மேற்கு வெயிலில் ஏழாம் வாய்பாட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறந்தநாள் ஃபிளெக்ஸ் என்றுதான் கொடுத்தார்கள், யார் பிறந்தநாள் என்று நான் கேட்கவில்லை. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அலுவலர் நல்ல மனிதர், "வாய்பாடு நல்லா இருக்கு மேடம், கழட்டிடுங்க" என்றார்.

8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் என்ன செய்தது என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 30 இரவு கரை கடந்தது, விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. நாங்கள் செஞ்சிப் பக்கம். பள்ளி திறக்கப் போனபோது அறைக்குள் கணுக்காலுக்கு மேல் சேறு. பிள்ளைகள் எல்லோரும் நலம், இரண்டு பேர் வீட்டில் சுவர் இடிந்துவிட்டது, பையும் புத்தகமும் போய்விட்டன.

வகுப்பறைப் பொருள் பற்றிக் கேட்டவர்களுக்கு: முட்டை அட்டை கூழாகிவிட்டது. அதற்கு முன்னாலேயே அதில் கரப்பான் குடியேறியிருந்தது, அதை நான் இங்கே சொல்லாமல் மறைத்திருந்தேன். லேமினேட் அட்டைகளில் ஓரத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே மை கலங்கிவிட்டது, 'ங' வரிசை உட்பட, கடைசியில் எல்லா எழுத்தும் சமம். ஃபிளெக்ஸைக் குழாயடியில் கழுவிக் கொடியில் போட்டோம். மூடிகள் மிதந்து போய்ப் பின்கதவு மூலையில் கூடியிருந்தன. ஈர்க்குச்சியைக் காயவைத்தோம், டியூப் வளையத்துக்கு ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்ததில் நூற்றுக்கட்டு நான்கில் மூன்று அப்படியே இருந்தது, நான்காவதில் 94.

சார்ட் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் 2023 ஜூனில் நான் எழுதியது ஞாபகம் வந்து நானே சிரித்துக்கொண்டேன்.

4 ஜனவரி 2025

போன வருடக் காலண்டர் தாளை எண்ணியதில் 29 பன்னிரண்டு இருந்தது. 31 அதே ஏழு. எண்ணிய பெண்ணுக்கு இது பெரிய விஷயம் இல்லை, அவளுக்குத் தெரியும். புளியங்கொட்டைப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு, அவன்தான் "அடுத்த வருசமும் பன்னெண்டு இருக்குமா?" என்று கேட்டான். அவளே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏதோ சொல்லிக்கொடுத்தாள், நான் போகவில்லை.

காலண்டர் வேண்டும் என்று கேட்டவருக்கு: பெரிய எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சின்னது பிரயோஜனம் இல்லை. டீக்கடையில் பழைய தாளைக் கேட்பதென்றால் இந்த வாரமே கேளுங்கள், பொங்கல் முடிந்தால் அது பஜ்ஜி மடிக்கப் போய்விடும்.